பழைய பிரெஞ்சு எனாமல் நகைகளில் வீனஸ், டயானா, சைக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் ஏலத்தில் ஒரு பழைய பிரெஞ்சு எனாமல் ப்ரூச்சோ (ஆடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை) பதக்கமோ கண்ணில் பட்டதும் எழுகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றுக்குத் தெரிந்தவரை விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நகைகளைத் தங்கத்தின் எடையை வைத்து மதிப்பிடாதீர்கள். இவை நெருப்பில் சுட்டு எடுத்த ஓவியங்கள். இரண்டு அங்குலச் செம்புத் தகட்டில் இருக்கும் ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் ஒரு நல்ல படத்துக்கு அவளைச் சுற்றியுள்ள தங்கச் சட்டத்தைவிடப் பல மடங்கு மதிப்பு உண்டு. கீழே வருகிற பதில்கள் எல்லாமே இதை ஒட்டித்தான் இருக்கும்.

எனாமல் என்பது ஒருவகைப் பெயின்ட்தானே?

இல்லை, கண்ணாடி. மணலையும் பொட்டாஷ் அல்லது சோடாவையும் ஈய ஆக்சைடையும் சேர்த்து உருக்கி, அதில் உலோக ஆக்சைடுகளைக் கலந்து நிறம் வரவழைப்பார்கள். கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சையும் நீலப்பச்சையும் தரும், மாங்கனீஸ் ஊதா, வெள்ளீய ஆக்சைடு சேர்த்தால் ஒளி ஊடுருவாத வெள்ளை. இறுகிய கட்டியை மாவாக அரைத்து, நன்றாகக் கழுவி, ஈரத்தோடு தகட்டில் பரப்பி, காய்ந்த பிறகு 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் உலைக்குள் சில நிமிடம் வைத்து எடுத்தால் பொடி உருகி உலோகத்தோடு ஒன்றிப் பளபளவென்று வெளியே வரும். அதனால்தான் 450 வருடத்துக்கு முந்தைய நீலம்கூட நேற்று பூசியது மாதிரி இருக்கிறது. வெயிலுக்கு வெளிறாது, துடைத்தால் அழியாது. ஆனால் கண்ணாடிக்கு உள்ள பலவீனமும் கூடவே உண்டு. கீழே விழுந்தால் தெறிக்கும்.

நகையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் எனாமல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்காக இல்லை. சூடாகி ஆறும்போது செம்பு ஓரளவு சுருங்கும், கண்ணாடி வேறு அளவு சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து மேலே இருப்பது விரிசல் விட்டுவிடும். இரண்டு பக்கமும் இழுவிசை சமமாக இருப்பதற்காகவே பின்பக்கப் பூச்சு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், போலியைக் கண்டுபிடிக்கும்போது கைகொடுக்கும்.

க்ளுவாசோனே, ஷாம்ப்லெவே என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, எது எது?

தகட்டில் மெல்லிய கம்பியால் சிறு அறைகள் கட்டி நிரப்புவது க்ளுவாசோனே. தகட்டையே குடைந்து பள்ளத்தில் நிரப்புவது ஷாம்ப்லெவே. வெள்ளியிலோ தங்கத்திலோ தாழ்வான புடைப்புச் செதுக்கல் செய்து மேலே ஒளி ஊடுருவும் எனாமல் ஊற்றுவது பாஸ்-தாய். பின்தகடே இல்லாமல் வண்ணக் கண்ணாடி ஜன்னல்போல வெளிச்சம் ஊடுருவும்படி செய்வது ப்ளீக்-ஆ-ஜூர். கடைசியாக, தூரிகையால் படமாகவே வரைந்து சுடுவது வரைந்த எனாமல். கிரேக்க, ரோமானியப் புராணக் காட்சி உள்ள நகைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான், ஏனென்றால் முகமும் உடலும் துணி மடிப்பும் கம்பிக் கட்டத்துக்குள் சரியாக வராது.

கத்தோலிக்க நாடான பிரான்ஸில் கிரேக்க, ரோமானியத் தெய்வங்கள் எப்படி வந்தார்கள்?

பிரான்ஸின் நடுப்பகுதியில் உள்ள லிமோஜ் நகரம் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் எனாமல் வேலைக்கு ஐரோப்பா முழுக்கப் பேர்போனது. அப்போது செய்ததெல்லாம் பெரும்பாலும் சிலுவைகள், புனிதர்களின் எலும்பு வைக்கும் பேழைகள் என்று தேவாலயச் சாமான்கள்தான். 1370-இல் இங்கிலாந்தின் கறுப்பு இளவரசனின் படை நகரைச் சூறையாடியது. பழைய தொழில் படுத்துவிட்டது. பிறகு 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே ஊரில் தொழில் வேறு வடிவத்தில் எழுந்தது, இந்த முறை செம்புத் தகட்டின் மேல் வரைந்த ஓவியமாக.

தெய்வங்கள் வந்தது அரசவை வழியாக. மன்னர் முதலாம் பிரான்சுவா இத்தாலியிலிருந்து ரோஸ்ஸோ ஃபியோரென்டினோவையும் பிரிமாதிச்சோவையும் 1530களின் தொடக்கத்தில் வரவழைத்து ஃபோன்டென்ப்ளோ அரண்மனைச் சுவர்களை வீனஸ், டயானா, ஜூபிடர் என்று நிரப்பச் சொன்னார். அரசருக்குப் பிடித்தது பிரபுக்களுக்கும் பிடிக்குமே. லிமோஜைச் சேர்ந்த லியோனார் லிமோஸான் அரசவை வரை போய், 1548-இல் அரசரின் எனாமல் ஓவியர் என்ற பட்டத்தோடு இருந்தார். அவருடைய வேலைகளில் எல்.எல். என்ற எழுத்துகள் இருக்கும். அதே ஊர்க்காரர் பியர் ரெமோன் பி.ஆர். என்று கையெழுத்திடுவார்.

இந்தக் கலைஞர்கள் காட்சிகளைத் தாங்களே கற்பனை செய்து வரைந்தது குறைவு. இத்தாலிய ஓவியர் ரஃபேலின் வரைபடங்களை மார்க்கன்டோனியோ ரைமோன்டி செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்கள், எத்தியன் தெலோன் செதுக்கிய சின்னஞ்சிறு படங்கள், ஓவிட் என்ற ரோமானியக் கவிஞரின் உருமாற்றக் கதைகளுக்கு பெர்னார் சலோமோன் வரைந்து 1557-இல் லியோனில் அச்சான சின்னச் சின்ன மரச்செதுக்குப் படங்கள் எல்லாம் பட்டறைகளில் கைமாறிக்கொண்டே இருந்தன. அதனால் ஒரே காட்சி பத்து தகடுகளில் பத்து விதமாக வரும். இதைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம். அச்சில் கறுப்புக் கோடாக இருந்ததை நெருப்பில் சதையும் துணியுமாக மாற்றுவதில்தான் அவர்களுடைய திறமை தெரிந்தது. வாங்கியவர்களும் அதைத்தான் தேடினார்கள்.

கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் தகடுகள் எப்படிச் செய்யப்பட்டவை?

அதற்குப் பெயர் கிரிசாய். என்னைக் கேட்டால் பிரெஞ்சு எனாமலில் இதற்கு மேல் எதுவும் இல்லை. முதலில் தகடு முழுக்கக் கறுப்போ கருநீலமோ பூசிச் சுடுவார்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளை எனாமலைப் பரப்பி, அது காய்ந்து சுடப்படுவதற்கு முன், ஊசியால் கீறிக் கீறி வெள்ளையை எடுப்பார்கள். அடியில் இருக்கும் கறுப்பு கோடாகத் தெரியும். முகத்தின் வெளிக்கோடு, விரல் இடுக்கு, முடியிழை எல்லாம் இப்படி எடுத்தவைதான். பிறகு சுடுவார்கள். அதன்பின் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு வெள்ளை, மறுபடி உலை, இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டிய மூட்டிலும் நெற்றியிலும் மூன்றாவது அடுக்கு, மறுபடி உலை. மெல்லிய அடுக்கின் வழியாகக் கறுப்பு லேசாகத் தெரிந்து சாம்பல் நிறமாகும், தடித்த இடம் தூய வெள்ளையாக நிற்கும். ஆக, சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்றைக் கலக்கவே இல்லை. வெள்ளையின் தடிமனே நிழலாகிறது. தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் வீனஸின் தோளும் தொடையும் மயிரிழை அளவு மேடாக இருப்பது தெரியும். சில சமயம் உடலுக்கு மட்டும் லேசான இளஞ்சிவப்பு ஏற்றி, கடைசியாகத் தங்கத் தூளால் மெல்லிய கோடு போட்டு முடிப்பார்கள்.

இன்னொரு வகை இதற்கு நேர் எதிர், வண்ணமயம். எனாமலுக்கு அடியில் பயோன் எனப்படும் தங்க, வெள்ளி ரேக்குகளை வைத்து மேலே ஒளி ஊடுருவும் சிவப்போ பச்சையோ ஊற்றினால் வெளிச்சம் உள்ளே போய் ரேக்கில் பட்டுத் திரும்பி வரும், தெய்வத்தின் ஆடை தானாக ஒளிர்வதுபோல் இருக்கும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வேலை செய்த சூசான் கூர் இதில் கைதேர்ந்தவர். தன் பெயரைத் தகட்டிலேயே எழுதிவைத்த பெண் கலைஞர் என்பதற்காகவும் அவரை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் 16ஆம் நூற்றாண்டு நகையே கடையில் கிடைக்குமா?

தகடு கிடைக்கலாம். நகையாகவே செய்யப்பட்டது கிடைப்பது மிக அபூர்வம். லிமோஜில் செய்தவற்றில் பெரும்பகுதி தட்டுகள், கிண்ணங்கள், நகைப்பேழைகளில் பதிக்கும் தகடுகள், கைக்கண்ணாடியின் பின்புறங்கள். பேழை உடைந்த பிறகு அந்தச் சிறு தகடுகளை எடுத்து 19ஆம் நூற்றாண்டில் தங்கச் சட்டம் போட்டு ப்ரூச் ஆக்கியவர்கள் நிறைய. ஆகவே எனாமலின் வயதும் சட்டத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விற்பவர் ஒரே வருடத்தைச் சொன்னால், எதற்கு அந்த வருடம், தகட்டுக்கா சட்டத்துக்கா என்று கேளுங்கள். நேர்மையான வியாபாரி உடனே பிரித்துச் சொல்வார்.

வெள்ளைப் பின்னணியில் மினியேச்சர் ஓவியம் மாதிரி இருக்கிறதே, அதுவும் லிமோஜா?

பெரும்பாலும் இல்லை. 1630 வாக்கில் ஷாதோதன் ஊர்ப் பொற்கொல்லர் ஜான் துதான், தங்கத்தின் மேல் வழவழப்பான வெள்ளை எனாமல் பூசி, அதன்மேல் உலோக ஆக்சைடு வண்ணங்களை எண்ணெயில் குழைத்து நுண்தூரிகையால் புள்ளி புள்ளியாக வரையும் முறையைப் பரப்பினார். அதன்பின் பக்கத்து ஊரான ப்ளுவா இந்த வேலைக்குப் பேர்பெற்றது. சட்டைப்பையில் வைக்கும் கடிகாரங்களின் மூடியில் உள்ளும் புறமும் புராணக் காட்சிகள் வரைந்தார்கள்; சிமோன் வூவே போன்ற ஓவியர்களின் படங்களே மாதிரி. 18ஆம் நூற்றாண்டில் இதே நுட்பம் பாரிஸின் மூக்குப்பொடிப் பெட்டிகளிலும், ஓவியர் பூஷேயின் பாணியில் இளஞ்சிவப்பிலேயே தீட்டிய, சிறகுள்ள குட்டிக் காதல் தெய்வங்களான க்யூபிட்களாகவும் தொடர்ந்தது.

ஓவியத்தின் மேல் கண்ணாடிபோல் தெளிவான இன்னொரு அடுக்கு இருந்தால் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா வேலையோ என்று யோசியுங்கள். அந்த ஊர்க்காரர்கள் மேலே நிறமற்ற எனாமல் ஊற்றிப் பாலிஷ் போடுவதில் தேர்ந்தவர்கள். மட்டமான வேலை என்று அர்த்தமில்லை. ஆனால் பிரெஞ்சு என்று விற்றால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

சந்தையில் இன்று அதிகம் வருவது எந்தக் காலத்து நகை?

1860 முதல் 1910 வரை செய்தவை. இதற்குக் காரணங்கள் உண்டு. செவ்ர் பீங்கான் தொழிற்சாலையில் 1845-இல் ஒரு எனாமல் பட்டறையைத் திறந்து, மறந்துபோயிருந்த பழைய லிமோஜ் முறையை மறுபடி பழக ஆரம்பித்தார்கள். அது 1872 வரை நடந்தது. அங்கே வேலை செய்த அல்ஃப்ரெத் மெயரிடம் கற்றுக்கொண்ட ஓவியர் க்ளோதியூஸ் போப்லான், மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று செய்முறையைப் புத்தகமாகவே எழுதினார். இன்னொரு பக்கம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1861-இல் இத்தாலியின் காம்பானா என்பவருடைய பழம்பொருள் சேகரிப்பை விலைக்கு வாங்கி அடுத்த வருடம் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். அதிலிருந்த எட்ருஸ்கன் (ரோமானியருக்கு முந்தைய இத்தாலிய மக்கள்), கிரேக்கத் தங்க நகைகளைப் பார்த்துப் பாரிஸ் பொற்கொல்லர்கள் அசந்துபோனார்கள். நகைக்கடைகள் முழுக்கப் பழங்காலப் பாணி புகுந்தது.

அந்த அலையில் எனக்கு மிகப் பிடித்தவர் யூஜின் ஃபோன்தனே. தங்கத்தில் பொடி மணிகளும் முறுக்குக் கம்பியும் வைத்துக் கட்டிய தோடு, பதக்கம், அட்டிகை. நடுவில் சின்னச் சின்ன எனாமல் தகடுகளில் எரிமலையில் புதைந்த ரோமானிய நகரம் பொம்பேயியின் சுவரோவியங்களை நினைவூட்டும் மெல்லிய உருவங்கள், பறக்கிற ஆடை, கையில் யாழ் அல்லது மாலை. அந்தத் தகடுகளை வரைந்தவர் யூஜின் ரிஷே. பின்னணி மங்கலான ஒற்றை நிறம், உருவம் ஒரு விரல்நகத்துக்குள் அடங்கிவிடும், ஆனாலும் நடக்கிற கால் எது, ஊன்றிய கால் எது என்று தெளிவாகத் தெரியும். இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு அடக்கமாக வரைவது சாதாரண விஷயமில்லை. ஃபோன்தனே 1887-இல் இறந்தார். அவருடைய நகைகள் இன்றும் ஏலத்தில் தலைகாட்டுகின்றன.

அப்புறம் போல் கிராந்தோம். இவர் குஸ்தாவ் மொரோவின் புராண ஓவியங்களைச் சிறு எனாமல் தகடுகளில் ஏற்றினார், ரேக்கும் ஒளி ஊடுருவும் வண்ணமுமாக. ஃபலீஸ் குடும்பத்தார் எனாமல் நகைக்காகவே பேர் வாங்கியவர்கள். 1900 வாக்கில் நகைக் கலைஞர் ரெனே லலீக், அவரிடம் வேலை பார்த்துப் பிறகு தனியாகப் போன யூஜின் ஃபயாத்ர் ஆகியோர் கைக்கு வந்ததும் பழைய தெய்வங்களின் இடத்தைப் பெயரில்லாத வனதேவதைகளும் பாம்புக்கூந்தல் முகங்களும் பிடித்துக்கொண்டன, அதோடு ப்ளீக்-ஆ-ஜூர் இறக்கைகளும். அது வேறு உலகம், தனியாக எழுத வேண்டும்.

பதக்கத்தில் இருப்பது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் என்ன, தலையில் என்ன, பக்கத்தில் என்ன மிருகம் என்ற மூன்றையும் பாருங்கள். முகத்தைப் பார்த்து ஒரு பயனும் இல்லை, எல்லா முகமும் அந்தந்தக் காலத்து அழகியின் முகம்தான். நெற்றியில் பிறை, முதுகில் அம்பறாத்தூணி என்றால் வேட்டைத் தெய்வம் டயானா. பிரான்ஸில் இவளுக்குத் தனி மவுசு உண்டு. மன்னர் இரண்டாம் ஆன்ரியின் காதலி தியான் தெ புவாத்தியேயின் பெயரும் அதே என்பதால் பிறையும் வில்லும் அரண்மனை அலங்காரமாகவே ஆகிவிட்டன. தலைக்கவசம், ஈட்டி, ஆந்தை, மார்பில் பாம்புக்கூந்தல் அரக்கி மெடூசாவின் முகம் இருந்தால் அறிவுத் தெய்வம் மினர்வா. புறா, சிப்பி, பக்கத்தில் சிறகு முளைத்த பையன் என்றால் காதல் தெய்வம் வீனஸ். திராட்சைக் கொடி, சிறுத்தைத் தோல் என்றால் மதுத் தெய்வம் பாக்கஸின் தோழி. தாமரைத் தண்டு மாதிரி நீண்ட கழுத்துள்ள அன்னத்தைக் கட்டிக்கொண்டிருப்பவள் லீடா, காளையின் முதுகில் உட்கார்ந்து கடலைக் கடப்பவள் யூரோப்பா.

குழப்புகிற சில உண்டு. கழுகுக்குக் கிண்ணத்தில் ஊட்டுவது பெண்ணாக இருந்தால் ஹீபி, கழுகு தூக்கிக்கொண்டு போகும் பையனாக இருந்தால் கானிமீட். சிங்கத்தோல் போர்த்தியிருக்கிறதே, ஹெர்குலிஸ்தானே என்று நினைத்தால் அது ஒரு பெண்ணாக இருக்கும். அவள் ஓம்ஃபாலி, ஹெர்குலிஸை அடிமையாக வைத்திருந்த லிடியா நாட்டு அரசி, அவனுடைய சிங்கத்தோலையும் கதாயுதத்தையும் தானே எடுத்துக்கொண்டவள். தலையில் சிறு சிறகுகள் இருந்தால் உடனே மெர்க்குரி என்று முடிவு கட்ட வேண்டாம். கூந்தலில் பாம்பு ஒன்று நெளிகிறதா, தாடைக்கடியில் முடிச்சுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், மெடூசாவுக்கும் தலையில் சிறகு உண்டு. முதுகில் இருப்பது பறவைச் சிறகா பட்டாம்பூச்சி இறக்கையா என்பது ரொம்ப முக்கியம். பட்டாம்பூச்சி இறக்கை என்றால் சைக்கி, காதலன் க்யூபிடின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவனை இழந்து, வீனஸ் வைத்த சோதனைகளை எல்லாம் தாண்டி அவனை அடைந்தவள். இந்தக் கதை காதல் பரிசுக்குப் பொருத்தம் என்பதால் 19ஆம் நூற்றாண்டு நகையில் இவள்தான் எங்கு பார்த்தாலும்.

இரண்டு குழந்தைகளை அணைத்தபடி கண்மூடிப் பறக்கும் பெண், கூடவே ஒரு ஆந்தை இருந்தால் அது இரவு. டேனிஷ் சிற்பி தோர்வால்ட்ஸன் 1815-இல் செய்த வட்டப் புடைப்புச் சிற்பத்தின் நகல் அது. பகல் என்ற ஜோடிச் சிற்பமும் உண்டு. இவை இரண்டும் எனாமலிலும், கல்லிலோ சிப்பியிலோ புடைப்பாகச் செதுக்கும் கேமியோவிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. தகட்டில் உள்ள காட்சி எந்த ஓவியத்தின், எந்த அச்சின் நகல் என்று தெரிந்துவிட்டால், நகை அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பதும் உறுதியாகிவிடுகிறது. வயதைக் கணிக்க இதைவிட நல்ல வழி குறைவு.

ஊதாப் பின்னணியில் மறுமலர்ச்சிக் காலத் தொப்பி போட்ட பெண் முகத்தை எல்லாம் டயானா என்று விற்கிறார்கள். பிறையோ வில்லோ இல்லையென்றால் அவள் டயானா இல்லை. வெறும் அழகான பெண் முகம், அதற்குரிய விலையைக் கொடுங்கள்.

பிரெஞ்சு முத்திரைகளை எப்படிப் படிப்பது?

எனாமலில் தேடாதீர்கள், சட்டத்தில் தேடுங்கள். வளையத்திலும், ஊசியின் அடியிலும், ஓரத்திலும் இருக்கும். 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் அவசியம். 1838 முதல் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை. பாரிஸுக்கு வெளியே 1919 வரை குதிரைத் தலையும் பயன்பட்டது. வெள்ளிக்கு அதே 1838 முதல் மினர்வாவின் தலை, கவசத்தோடு. பழைய நகையில் அதன் பக்கத்தில் 1 என்றிருந்தால் ஆயிரத்துக்கு 950 தூய்மை, 2 என்றிருந்தால் 800. சிறிய வெள்ளி நகைகளில் மினர்வா இருக்காது. பழையவற்றில் பாரிஸ் என்றால் காட்டுப்பன்றித் தலை, மற்ற ஊர்கள் என்றால் நண்டு. இந்தக் காலத்தில் செய்தவரின் முத்திரை சாய்சதுரக் கட்டத்துக்குள் எழுத்துகளும் ஒரு சின்னமும் சேர்ந்தது. மெர்க்குரி தலை இருந்தால் ஏற்றுமதிக்குப் போனது.

ஆந்தையைப் பார்த்து மினர்வாவின் பறவை என்று சந்தோஷப்பட வேண்டாம். 1893 முதல் ஆந்தை முத்திரை, வெளிநாட்டிலிருந்து வந்த அல்லது எங்கே செய்தது என்று தெரியாத தங்கத்துக்கு. வெள்ளிக்கு அதே வேலையை அன்னம் செய்கிறது. அதாவது ஆந்தை இருந்தால் பிரான்ஸில் விற்கப்பட்டது என்று மட்டும்தான் உறுதி.

பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறது, அது என்ன?

நல்ல அறிகுறி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லோதான் குடும்பத்தார் தகட்டின் பின்னால் பெயரோடு லிமோஜின் மானீன்யு புறநகர் என்று முகவரியையும் எழுதிவைத்தார்கள். அதற்கு முந்தைய பெனிக்கோ பட்டறை, செம்பிலேயே கிரீடத்தோடு எல்.பி. என்று அடித்தது, நிறமற்ற பின்பூச்சின் வழியாக அது தெரியும். ஆனால் எழுத்தையும் நகலெடுக்க முடியும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

லிமோஜ் என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

தனியாக அதை மட்டும் நம்ப முடியாது. 1768-இல் லிமோஜுக்குப் பக்கத்தில் சேன்-திரியேயில் வெள்ளைக் களிமண் கிடைத்த பிறகு அந்த ஊர் பீங்கானுக்கும் பேர்போனது. ஆகவே பீங்கான் வில்லையில் படம் ஒட்டிச் சுட்டு, முலாம் பூசிய சட்டத்தில் வைத்த 20ஆம் நூற்றாண்டு ப்ரூச்சிலும் அதே பெயர் இருக்கும். லென்ஸை வைத்துப் பாருங்கள்: படம் பத்திரிகை அச்சு மாதிரி சமமான புள்ளிகளாகப் பிரிந்தால் ஒட்டுப்படம். கையால் வரைந்ததில் தூரிகையின் இழுப்பு தெரியும், ஆங்காங்கே ஊசிமுனைக் குமிழியும் இருக்கும், கன்னத்தில் வெள்ளை தடித்தும் கழுத்தில் மெலிந்தும் போகும்.

போலிகள் அதிகமா?

அதிகம், நல்ல போலிகளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பணக்காரச் சேகரிப்பாளர்கள் மறுமலர்ச்சிக் கால நகைக்குப் போட்டி போட்டார்கள், சரக்கோ குறைவு. ஜெர்மனியின் ஆகன் நகரப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் வரைந்த ஏராளமான வரைபடங்கள் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1970களின் இறுதியில் அவற்றை ஆராய்ந்தபோது, பெரிய அருங்காட்சியகங்களில் 16ஆம் நூற்றாண்டு என்று வைத்திருந்த பல பொருட்கள் அவர் கையால் ஆனவை என்று தெரியவந்தது. பாரிஸில் அல்ஃப்ரெத் ஆன்ட்ரே பழுது பார்ப்பதில் மன்னர், அந்தப் பட்டறையிலிருந்தும் புதிதாகச் செய்த பழைய நகைகள் வெளியே போயின. சாம்சன் நிறுவனம் லிமோஜ் எனாமல்களை நகலாகவே செய்து விற்றது.

விஞ்ஞானம் இங்கே உதவுகிறது. குரோமியம் என்ற தனிமத்தை வோக்லான் கண்டுபிடித்ததே 1797-இல். 1560 என்று சொல்லும் தகட்டின் பச்சையில் எக்ஸ்-ரே சோதனை குரோமியத்தைக் காட்டினால், அந்தப் பச்சை 16ஆம் நூற்றாண்டுடையது இல்லை. பெரிய விலைக்குப் போகும் முன் இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்பதில் தப்பே இல்லை. வீட்டிலேயே செய்யக்கூடியது பின்பக்கத்தைப் பார்ப்பது: பின்பூச்சு இல்லாத பெரிய செம்புத் தகடு, தேய்மானமே இல்லாத ஊசி, புது மாதிரிப் பூட்டு, இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

சிறு விரிசல் இருந்தால் வாங்கலாமா?

மயிரிழை விரிசல் என்றால் வாங்கலாம், நூறு வருடக் கண்ணாடியில் அது இயல்பு. ஓரத்தில் ஒரு சிதறல் பரவாயில்லை. முகத்திலோ கையிலோ சிதறியிருந்தால் விட்டுவிடுங்கள், படமே போய்விட்டது. ரெசின் வைத்து நிரப்பி வண்ணம் தீட்டி மறைத்திருப்பார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் அந்த இடம் பெரும்பாலும் வேறு மாதிரி ஒளிரும். மேற்பரப்பு பிசுபிசுவென்றோ ஈரம் கசிந்தது போலவோ இருந்தால் கண்ணாடியே சிதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், குறிப்பாகப் பழைய நீலத்திலும் ஊதாவிலும் இது வரும். தொடாமல் வைத்துவிட்டு வாருங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

வரைந்த கை யாருடையது, கையெழுத்து உண்டா, நிலைமை எப்படி, சட்டம் அதே காலத்ததா, காட்சி தெளிவாக அடையாளம் தெரிகிறதா என்ற வரிசையில் விலை ஏறும். பெயர் தெரியாத 1890களின் வெள்ளி ப்ரூச்சுக்கும் ரிஷே வரைந்த ஃபோன்தனே பதக்கத்துக்கும் நடுவே மலையும் மடுவுமான தூரம். பட்ஜெட் குறைவு என்றால் கையெழுத்து இல்லாத, ஆனால் கை விரல்கள் நன்றாக வரையப்பட்ட சிறிய கிரிசாய் தகட்டைத் தேடுங்கள். மோசமான ஓவியர் மாட்டிக்கொள்வது விரல்களில்தான்.

வாங்குவதற்கு முன் நல்லதை எங்கே பார்த்துப் பழகலாம்?

பாரிஸ் போனால் லூவ்ரில் லிமோஸானின் தகடுகள், அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் நகைக்கூடம், கொஞ்சம் வெளியே எக்குவான் கோட்டையில் உள்ள மறுமலர்ச்சி அருங்காட்சியகம். லிமோஜிலேயே பழைய ஆயர் மாளிகையில் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்தில் மத்தியகாலம் முதல் இன்று வரை எனாமல் வரிசையாக இருக்கிறது. லண்டனில் வாலஸ் சேகரிப்பு, பிரிட்டிஷ் மியூசியத்தின் வாடஸ்டன் அறை, நியூயார்க்கில் ஃப்ரிக், பால்டிமோரில் வால்டர்ஸ். லலீக் பிடித்தவர்கள் லிஸ்பன் குல்பென்கியான் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது. போக முடியாதவர்களுக்கு இவற்றில் பலவும் இணையத்தில் பெரிய படங்களாக வைத்திருக்கின்றன, பெரிதாக்கிப் பார்த்தால் ஊசிக் கீறல்கூடத் தெரியும்.

தினமும் அணியலாமா? எப்படிச் சுத்தம் செய்வது?

ப்ரூச், பதக்கம், தோடு என்றால் விசேஷத்துக்கு அணியலாம். மோதிரம், கைக்காப்பு வேண்டாம், எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். சென்ட், சானிடைசர் எல்லாம் போட்டு முடித்த பிறகே நகை. சுத்தத்துக்கு உலர்ந்த மென்துணி போதும், பிடிவாதமான அழுக்குக்குத் துணியை லேசாக ஈரமாக்கி உடனே துடைத்துவிடுங்கள். கடைகளில் இருக்கும் அல்ட்ராசானிக் மெஷினிலும் நீராவியிலும் ஒருபோதும் வைக்காதீர்கள், வெந்நீரில் போடாதீர்கள். சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊரில் இருந்தால் ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமிலமில்லாத மென்தாளில் சுற்றி வையுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் அலமாரி வேண்டாம்.

ஊசி உடைந்துவிட்டது. தெரிந்த பத்தரிடம் கொடுத்துப் பற்றவைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், பற்றவைக்கும் தீ எனாமலுக்கு எட்டினால் ஒரு நொடியில் விரிசல் ஓடிவிடும், திரும்ப வராது. தகட்டைச் சட்டத்திலிருந்து கழற்ற முடிகிற அமைப்பாக இருந்தால், அதாவது பின்னால் மடக்கிய பற்களோ திருகோ இருந்தால், அதைக் கழற்றிப் பஞ்சில் வைத்துவிட்டு வெறும் சட்டத்தை மட்டும் கொடுக்கலாம். கழற்றுவதைக்கூட எனாமல் பழகியவர் செய்வது நல்லது. எனாமல் நேரடியாகத் தங்கத்திலேயே சுடப்பட்டிருந்தால் லேசர் வெல்டிங் வசதியுள்ள, பழைய நகை பழுது பார்க்கும் நிபுணரைத்தான் தேட வேண்டும், அதுவரை ஊசி இல்லாமல் பெட்டியிலேயே இருக்கட்டும். பழைய ஊசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலும் சில சமயம் முத்திரை இருக்கும்.